இரண்டாவது கார்டு தேவைதானா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

அறிவியலின் விந்தைகள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. அவற்றுள் கணிப்பொறித் திரையில் ஓடும் விளையாட்டுகளும் ஒன்று. மழை பெய்யும் தெருவில் விளக்கொளி சிதறுவதையும், குதிரையின் பிடரி மயிர் காற்றில் அலைவதையும் உயிருள்ள காட்சி போலவே இன்று திரையில் காண்கிறோம். அந்தக் காட்சியைத் தீட்டும் ஓவியன் கணிப்பொறியினுள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. காட்சி சற்றே தடுமாறினால் இளைஞர் உள்ளத்தில் உடனே எழும் எண்ணம், "இன்னொரு கார்டைப் போட்டால் என்ன?" என்பதுதான். ஒரு மாடு இழுக்கத் திணறும் வண்டியில் இன்னொரு மாட்டைப் பூட்டுவதில்லையா? அதுபோல இதுவும் இயல்பான எண்ணமே. ஆனால் இது சரியான எண்ணமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று நம் பேராசிரியர்கள் புருவம் உயர்த்தலாம். எங்கள் இல்லத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். மாலை வேளைகளில் ஒரு கணிப்பொறி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்து, பழைய உறுப்புகளைக் கொண்டு ஒரு கணிப்பொறியை நானே பூட்டிக் கொண்டேன். அதில் இருப்பது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 580 என்னும் கார்டு. அதே போன்ற பழைய கார்டு ஒன்று கடைக்கு ஆறாயிரம் ரூபாய் விலையில் வந்தது. என் சேமிப்பும் ஏறத்தாழ அவ்வளவே. வரும் ஆண்டில் என் தங்கையும் கல்லூரியில் சேர வேண்டும். ஆகவே, இந்தக் கேள்விக்கு விடை காண்பது எனக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

கார்டு செய்யும் வேலை

நாம் காணும் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20,73,600 புள்ளிகள். ஒரு வினாடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமானால் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு வினாடிதோறும் நிறம் கணக்கிட வேண்டும். இவ்வாறு தோன்றும் ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்கிறோம். 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடி மட்டுமே.

ஒரு புள்ளியின் நிறத்தைக் கணக்கிடப் பெரும்பாலும் பக்கத்துப் புள்ளியின் விடை தேவைப்படுவதில்லை. ஆகவே பல சிறு கணக்கிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஆர்.எக்ஸ். 580 கார்டில் இத்தகைய கணக்கிகள் 2,304 இருக்கின்றன. அப்படியானால் மேலும் 2,304 சேர்த்தால் வேகம் இரட்டிப்பாக வேண்டுமல்லவா? இந்த நியாயமான எதிர்பார்ப்பின் மீதுதான் இரட்டைக் கார்டுகளின் வரலாறே எழுந்தது.

தோன்றி வளர்ந்த கதை

1998-ஆம் ஆண்டு அமெரிக்காவின் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 'வூடூ 2' என்னும் கார்டை வெளியிட்டது. இதில் இரண்டு கார்டுகளை இணைக்கலாம். ஒன்று திரையின் ஒற்றைப்படை வரிகளை வரையும்; மற்றது இரட்டைப்படை வரிகளை வரையும். இம்முறைக்கு எஸ்.எல்.ஐ. என்று பெயர். ஒரு கார்டு 800க்கு 600 புள்ளி அளவில் படம் காட்ட, இணைந்த இரண்டு கார்டுகள் 1,024க்கு 768 அளவில் காட்டின. அக்காலத்தில் இது பெரும் வியப்பு.

2000-ஆம் ஆண்டின் இறுதியில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியா நிறுவனம் வாங்க உடன்பாடு ஏற்பட்டது. 2004-இல் என்விடியா அதே எஸ்.எல்.ஐ. என்னும் மூன்றெழுத்தை, விரிவை மட்டும் மாற்றி, மீண்டும் உயிர்ப்பித்தது. அடுத்த ஆண்டே ஏ.டி.ஐ. நிறுவனம் 'கிராஸ்ஃபயர்' என்னும் போட்டி முறையைக் கொண்டு வந்தது. 2006-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கியது. ஏறத்தாழ பத்தாண்டுகள் இவ்விரு முறைகளும் கொடிகட்டிப் பறந்தன. இரண்டு மட்டுமன்றி, மூன்று, நான்கு கார்டுகளைப் பூட்டிக் கொண்டவர்களும் உண்டு.

வேலையைப் பகிர்வது எப்படி?

பிற்காலக் கார்டுகள் வரி வரியாகப் பிரித்துக் கொள்ளவில்லை. இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, ஒரே படத்தை மேல்பாதி, கீழ்ப்பாதி எனப் பிரித்துக் கொள்வது. இதில் மேலே வெறும் வானமும் கீழே கூட்டமான சந்தையும் இருந்தால் ஒருவர் சும்மா இருக்க மற்றவர் திணறுவார். மற்றொன்று, பிரேம் மாற்றி பிரேம் வரைவது. முதல் பிரேமை முதல் கார்டும், இரண்டாவதை இரண்டாவது கார்டும், மூன்றாவதை மீண்டும் முதல் கார்டும் வரையும். பெரும்பாலான விளையாட்டுகளில் நடைமுறைக்கு வந்தது இந்த இரண்டாவது வழியே.

இனி, இதில் உள்ள இடர்ப்பாடுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஏன் இரட்டிப்பாவதில்லை?

என் தந்தை பட்டுத் தறியில் நெய்பவர். கோர்வைச் சேலை நெய்யும்போது தறியில் இரண்டு பேர் அமர்வர். ஒருவர் நெய்ய, மற்றவர் ஒரு பக்கக் கரையின் நாடாவை எறிவார். கார்டுகளைப் பற்றி நான் அவரிடம் விளக்கியபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ரெண்டு பேர் உக்காந்தா ஒரே நாள்ல ரெண்டு சேலை வந்துடுமாடா?" வராது. ஆள் இரண்டானாலும் பாவு ஒன்று. ஒவ்வோர் இழையாகத்தான் அடித்துச் சேர்க்க வேண்டும்.

கணிப்பொறியிலும் இதே நிலைதான். எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, துப்பாக்கிக் குண்டு எங்கே பாய்கிறது என்பவற்றையெல்லாம் முதலில் கணக்கிட்டு, "இதை வரை" என்று கார்டுக்குக் கட்டளையிடுவது மையச் செயலி. அது தன் பங்கை முடிக்காமல் கார்டு எதையும் வரைய முடியாது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பிரேமுக்குச் செயலி 12 மில்லி வினாடியும் கார்டு 20 மில்லி வினாடியும் எடுத்துக் கொள்வதாகக் கொள்வோம். இரண்டும் அடுத்தடுத்த பிரேம்களில் ஒரே நேரத்தில் வேலை செய்வதால், மெதுவானதே வேகத்தைத் தீர்மானிக்கும். 20 மில்லி வினாடி என்றால் வினாடிக்கு 50 பிரேம். இரண்டாவது கார்டு வந்தால் கார்டுகளின் பங்கு சராசரியாக 10 மில்லி வினாடியாகக் குறையும். ஆனால் 100 பிரேம் வராது. இப்போது செயலியின் 12 மில்லி வினாடி தடையாக நிற்பதால் 83 பிரேம்தான் வரும். செயலியே 19 மில்லி வினாடி எடுத்துக் கொள்ளும் கணிப்பொறியிலோ, இரண்டாவது கார்டு பெற்றுத் தருவது வினாடிக்கு இரண்டு மூன்று பிரேம் மட்டுமே. பகிர முடியாத வேலை எவ்வளவு இருக்கிறதோ, அதுவே வேகத்துக்கு எல்லை கட்டும் என்னும் இக்கருத்தை ஜீன் ஆம்டால் என்னும் அறிஞர் 1967-இலேயே எடுத்துரைத்தார். கணிப்பொறி மாணவர்கள் இதை ஆம்டால் விதி என்று படிப்பார்கள்.

இரண்டாவது இடர்ப்பாடு நினைவகம். ஒரு கார்டில் 8 ஜி.பி. இருந்தால் இரண்டில் 16 ஜி.பி. என்று பலரும் எண்ணுகின்றனர். விளையாட்டில் இரு கார்டுகளும் ஒரே காட்சியை வரைவதால், சுவர், மரம், முகம் ஆகிய எல்லாவற்றின் பிரதியும் இரண்டிலும் இருக்க வேண்டும். ஆகவே பயன்படுவது 8 ஜி.பி. மட்டுமே. ஒரே பாடப் புத்தகத்தை இருவர் ஆளுக்கொன்று வாங்கினால் படிக்கும் பாடம் இரட்டிப்பாகுமா?

மூன்றாவது, இரு கார்டுகளுக்கும் இடையே உள்ள பாதை. ஆர்.எக்ஸ். 580 தன் சொந்த நினைவகத்திலிருந்து வினாடிக்கு 256 ஜி.பி. வரை எடுக்கவல்லது. ஆனால் பக்கத்துக் கார்டுடன் அது பேச வேண்டிய வழி தாய்ப்பலகையின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதை. இரண்டு கார்டுகள் செருகும்போது பல பலகைகளில் அப்பாதை பாதியாகப் பிரிந்து, மூன்றாம் தலைமுறைப் பலகையில் கார்டுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜி.பி. என்றாகிறது. முப்பத்திரண்டில் ஒரு பங்கு! இதில் என்ன கேடு என்று கேட்கலாம். இக்கால விளையாட்டுகள் விளிம்புகளை மழமழப்பாக்க, முந்தைய பிரேமின் படத்தையே எடுத்து இப்போதைய பிரேமுடன் கலக்கின்றன. முந்தைய பிரேம் இருப்பதோ அடுத்த கார்டில்! ஒவ்வொரு முறையும் அதை அந்தக் குறுகிய சந்தின் வழியே கொண்டு வர வேண்டும். பகிர்ந்து செய்ததால் மிச்சமான நேரம் காத்திருப்பதிலேயே கரைந்து போகிறது.

நான்காவதுதான் மிகவும் நுட்பமானது. இரண்டு கார்டுகள் மாறி மாறி வரையும்போது பிரேம்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை. ஒரு பிரேம் 5 மில்லி வினாடியிலும் அடுத்தது 28 மில்லி வினாடியிலும் வந்தால், சராசரி ஏறத்தாழ 16.5. கணக்கில் 60 பிரேம்! ஆனால் கண்ணுக்கோ அந்த 28 மில்லி வினாடியின் தயக்கமே தெரிகிறது. 36 பிரேம் ஓடுவது போன்ற தடுமாற்றம். இதை நுண் திக்கல் எனலாம். சராசரியை மட்டும் பார்த்து மகிழ்ந்திருந்த உலகம், 2011-ஐ ஒட்டி ஒவ்வொரு பிரேமின் நேரத்தையும் தனித்தனியே அளக்கத் தொடங்கிய பின்னரே இக்குறையைத் தெளிவாக உணர்ந்தது. 2013-இல் ஏ.எம்.டி. தன் மென்பொருளைத் திருத்தி இடைவெளியைச் சீராக்க முயன்றது. சராசரி மட்டும் உண்மையைச் சொல்லாது. பரவலையும் பார்க்க வேண்டும் என்று நம் புள்ளியியல் பாடம் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்றைய நிலை

இத்தனை இடர்களையும் மென்பொருள் வல்லுநர்கள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே சரிசெய்து வந்தனர். இரட்டைக் கார்டு வைத்திருப்போரோ மிகச் சிலர். அந்தச் சிலருக்காக இவ்வளவு உழைப்பு எத்தனை நாள் நீடிக்கும்?

2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, 2016-இல் வந்த வல்கன் ஆகிய புதிய முறைகள், கார்டுகளைப் பகிரும் பொறுப்பை விளையாட்டை உருவாக்குவோரிடமே ஒப்படைத்தன. 'ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி' என்னும் விளையாட்டு, ஏ.எம்.டி. கார்டையும் என்விடியா கார்டையும் ஒரே நுகத்தில் பூட்டி ஓட்டிக் காட்டியது. ஆயினும் அந்த வழியில் சென்ற விளையாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கார்டு உற்பத்தியாளர்களும் மெல்ல விலகினர். 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060 கார்டில் இணைப்பு வசதியே இல்லை. 2019-இல் வந்த ஆர்.எக்ஸ். 5700 வரிசையில் கிராஸ்ஃபயர் கைவிடப்பட்டது. 2020-இல் என்விடியா, 2021 ஜனவரி முதல் புதிய எஸ்.எல்.ஐ. அமைப்புகளைத் தன் மென்பொருளில் சேர்ப்பதில்லை என அறிவித்தது. 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090, விளையாட்டுக் கார்டுகளின் அரசன் எனப்பட்டது. அதிலும் இணைப்பு முனை இல்லை. ஆக, இன்று வெளியாகும் ஒரு புதிய விளையாட்டில் இரண்டாவது கார்டு பெரும்பாலும் வேலையின்றி அமர்ந்திருக்கும். என்னிடமுள்ள ஆர்.எக்ஸ். 580 கிராஸ்ஃபயருக்கு இடம் தருவதுதான். ஆனால் அதன் பயன் பழைய விளையாட்டுகள் சிலவற்றோடு நின்றுவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவுகள்

கார்டின் விலையோடு செலவு முடிவதில்லை. ஆர்.எக்ஸ். 580-இன் மின் தேவை 185 வாட். இரண்டுக்கு 370. செயலிக்கு 65, மற்ற உறுப்புகளுக்குச் சுமார் 50 சேர்த்தால் 485 வாட். என் கணிப்பொறியில் உள்ள மின் வழங்கியோ 450 வாட். ஆக, அதையும் மாற்ற வேண்டும். தரமற்ற மின் வழங்கியில் அளவுக்கு மீறிய சுமை ஏற்றினால், அது போகும்போது பலகையையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. கடையில் இத்தகைய கணிப்பொறிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். கருகிய மணம் முதலில் வரும்.

கூடுதலான 185 வாட், நாளுக்கு மூன்று மணி நேரம், அறுபது நாள் என்று கணக்கிட்டால், இரண்டு மாத மின் கட்டண அட்டையில் 33 யூனிட் கூடும். அந்த மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே அறையில் பரவும். மூன்று 60 வாட் குண்டு பல்புகளைச் சித்திரை மாதத்தில் ஓட்டு வீட்டினுள் எரிப்பதற்கு இது சமம். மேலும் இரு கார்டுகள் நெருங்கி இருந்தால், கீழ்க் கார்டின் சூடான காற்றையே மேல் கார்டு இழுக்கும். சூடு மிகும்போது கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். ஆனையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதானோ!

முடிவெடுக்கும் முறை

அப்படியானால் விளையாட்டு தடுமாறும்போது என்னதான் செய்வது? முதலில் அளக்க வேண்டும். கார்டுதான் தடையா, வேறொன்று தடையா என்பதைக் காசு செலவின்றி அறிய ஓர் எளிய சோதனை உண்டு. தடுமாறும் அதே காட்சியில், படத்தின் அளவை மட்டும் 1,920க்கு 1,080 என்பதிலிருந்து 1,280க்கு 720 எனக் குறைக்க வேண்டும். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். பிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால், கார்டுதான் திணறுகிறது. உயராவிட்டால், கார்டு குற்றமற்றது. தடை வேறிடத்தில் உள்ளது. நம் ஆய்வகத்தில் மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோமே, அதே முறைதான்.

என் கணிப்பொறியில் இதைச் செய்தபோது 50 பிரேம் 53 ஆயிற்று. கார்டின் உழைப்பு 65 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பாதி ஓய்வில் இருப்பவனுக்கு உதவியாள் எதற்கு? பிறகு கணிப்பொறியைத் திறந்து பார்த்தேன். 8 ஜி.பி. ரேம் ஒரே குச்சியாக இருந்தது. இக்காலப் பலகைகளில் நினைவகத்துக்கு இரண்டு வாய்க்கால்கள் உண்டு. ஒரே குச்சி இருந்தால் ஒரு வாய்க்காலில் மட்டுமே தரவு பாயும். பழைய 8 ஜி.பி. குச்சி ஒன்றை, கார்டின் விலையில் நான்கில் ஒரு பங்கும் ஆகாத தொகைக்கு வாங்கி, இரண்டாவது வாய்க்காலில் செருகினேன். அதே காட்சி 61 பிரேமில் ஓடியது. தடுமாற்றமும் பெரும்பாலும் நின்றது. இரண்டாவதாக ஒன்று தேவைப்பட்டது உண்மை. அது கார்டு அன்று. எஞ்சிய பணம் அஞ்சலகச் சேமிப்பில் அப்படியே இருக்கிறது.

சோதனையில் கார்டுதான் தடை என்று தெரிந்தவர்கள் என்ன செய்யலாம்? முதலில் நிழல், பிரதிபலிப்பு போன்ற அமைப்புகளை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம். அதுவும் போதாதெனில், இருக்கும் கார்டை விற்று, அந்தத் தொகையோடு இரண்டாவது கார்டுக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்து, அதைவிட ஆற்றல் மிக்க ஒரே கார்டை வாங்குவதே சிறந்தது. ஒரே கார்டு எல்லா விளையாட்டிலும் உழைக்கும். அதன் நினைவகம் முழுதும் பயன்படும். நுண் திக்கலுக்கும் இடமில்லை.

இரண்டு யாருக்குத் தேவை?

இரண்டு கார்டுகள் எங்குமே வீண் என்று கூறுவது நேர்மையாகாது. பிளெண்டர் போன்ற மென்பொருளில் அசைபடம் உருவாக்குவோர், ஒரு கார்டில் ஒரு படமும் மற்றொன்றில் வேறொரு படமுமாக வரைந்து கொள்ளலாம். அங்கே பதினாறு மில்லி வினாடி அவசரமில்லை. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை இயக்குவோர், மாதிரியின் ஒரு பகுதியை ஒரு கார்டிலும் மறு பகுதியை அடுத்ததிலும் ஏற்றலாம். அங்கே நினைவகம் உண்மையிலேயே கூடும்.

விளையாட்டிலும் ஒரு புதிய வழி அண்மையில் தோன்றியுள்ளது. 'லாஸ்லெஸ் ஸ்கேலிங்' என்னும் மென்பொருள், முதல் கார்டு வரையும் இரு பிரேம்களுக்கு நடுவே, ஊகித்து வரைந்த ஒரு பிரேமை இரண்டாவது கார்டைக் கொண்டு செருகுகிறது. காட்சி வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் நாம் விசையை அழுத்தியதற்கும் திரை பதில் சொல்வதற்கும் இடையே உள்ள நேரம் இதனால் குறைவதில்லை. ஏற்கெனவே பழைய கார்டு ஒன்று பரணில் கிடப்பவர்கள், மின் வழங்கியும் இடம் கொடுத்தால், இதை முயன்று பார்க்கலாம். இதற்காகவே புதிதாகச் செலவு செய்வதற்கு முன் நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

நண்பர்களே, இரண்டு என்பது எப்போதும் ஒன்றின் இருமடங்கு ஆவதில்லை. வேலை எவ்வளவு பகிரத்தக்கது, பகிர்வதற்கான வழி எவ்வளவு அகலமானது, உண்மையான தடை எங்கே நிற்கிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே கடைக்குச் செல்வது நல்லது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது கணிப்பொறிக்கும் பொருந்தும். நம்மில் பலருக்கு ஆறாயிரம் ரூபாய் என்பது வீட்டில் ஒருவருடைய பல நாள் உழைப்பு. அதைச் செலவிடுமுன் பத்து நிமிடம் அளந்து பார்ப்பது, அறிவியல் பயிலும் நமக்கு அரிய செயல் அன்று.